ஓடாத ஓடமும் ஒரு வரித் திருத்தமும்

மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற ஊர் ஒன்று முன்னொரு காலத்தில் இருந்ததாம். பேர் தவளைப்பட்டி. அந்த ஊரார் ஓடக்காரர் குப்பாண்டியோடு இருபது வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். புளியமரத்துறையிலிருந்து கோயில்துறைக்குத்தான் ஓடம் போகணும். ஓடத்தில் ஏறாமல் எந்த ஆற்றையும் யாரும் தாண்டக் கூடாது.

மூணாம் வருஷ வெள்ளத்தில் ஆறு கூப்பிடு தூரம் தள்ளிப் போய்விட்டது. இரண்டு துறைக்கும் நடுவே வெறும் மணல். ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே! ஊரார் ஓடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். குப்பாண்டி உள்ளே உட்கார்ந்து காற்றில் துடுப்புப் போடுவார். இறக்கி வைத்ததும், "இன்னைக்கு நல்ல வேகம்!" என்று மெச்சுவார்கள்.

குப்பாண்டியின் ஒரே மகள் செவந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் புது ஆற்றின் அக்கரையில் வந்து நின்றார்கள். முகூர்த்தத்துக்கு ஒரு நாழிகைதான் பாக்கி.

"நாட்டாமை, ஓடத்தப் புது ஆத்துல விட உத்தரவு குடுங்க. புள்ள மணையில உக்காந்திருக்கா" என்று கெஞ்சினார் குப்பாண்டி.

நாட்டாமை சன்னாசி மீசையை நீவினார். "அந்த ஆறு ஒப்பந்தத்துல இல்லியேப்பா."

"ஆறு நகந்தா ஓடமும் நகரலாம்னு ஒரு வரி சேத்துக்குவோம்."

"தாராளமா. அதுக்குத்தான் அப்பவே வழி வச்சிருக்கோமே! ஊர் மொத்தமும் ஓடுற ஓடத்துல உக்காந்து கைநாட்டு வைக்கணும். பாதியில எவனும் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிரக் கூடாதுல்ல?"

ஊரே ஏறியது. ஓடம் அசையவில்லை.

"ஏன்டா நிக்குது?" என்று அதட்டினார் நாட்டாமை.

"தூக்குறவங்க எல்லாம் உள்ள இருக்கோம்" என்றான் மொக்கையன்.

"அப்ப நீ இறங்கித் தூக்கு."

"நான் இறங்குனா என் கைநாட்ட யாரு வைப்பா?"

நியாயமான கேள்வி. யாரும் இறங்கவில்லை. குப்பாண்டி வியர்க்க விறுவிறுக்கத் துடுப்புப் போட்டார். மணல் பறந்ததுதான் மிச்சம்.

காத்துக் காத்துச் சலித்த மாப்பிள்ளை, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கெண்டைக்கால் தண்ணீரில் நடந்தே வந்து சேர்ந்தார். "மாமா, நேரமாச்சே!"

குப்பாண்டிக்கு உயிரே போய்விட்டது. "ஐயையோ மாப்ள! ஓடத்துல ஏறாம ஆத்தத் தாண்டிட்டீங்களே! நல்ல நாளும் அதுவுமா ஒப்பந்தத்த மீறலாமா? அக்கரையில போயி நில்லுங்க. கைநாட்டு முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கிறேன்."

மாப்பிள்ளை யோசித்தார். அவரும் விவரமானவர்தான். "திரும்பிப் போகவும் ஆத்தத் தாண்டணுமே மாமா?"

நாட்டாமை கண்ணை மூடி நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"வந்த தடத்துலயே பின்பக்கமா நடந்து போங்க, மாப்ள. நீங்க வரவே இல்லேன்னு ஆயிரும்."

"அதானே!" என்றது ஊர்.

மாப்பிள்ளை எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, கழுத்து மாலை கசங்காமல், ஒவ்வொரு அடியாகப் பின்பக்கமாகவே நடந்து போனார்.