அலகு நடத்திய விசாரணை

ஒரு மடக்குக் கத்திக்குள் நான்கு பேர் குடியிருந்தார்கள். வெட்டுகிற வேலை அலகுக்கு. கையில் தங்குகிற வேலை பிடிக்கு. அலகைப் பிடியோடு சேர்த்து, அது திரும்ப இடம் கொடுப்பது ஆணி. விரிந்த அலகு தானாக மடங்கிவிடாதபடி அதன் அடியில் போய் முட்டுக்கொடுத்து நிற்பது பூட்டு என்கிற சின்னத் தகடு.

நால்வரில் அலகைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதனால் தானே தலைவர் என்று அது முடிவுசெய்துகொண்டது.

கத்திக்குச் சொந்தக்காரன் அமலதாசன். கடலில் வலை போடுகிறவன். கரையில் நாலு பேர் நின்றால் போதும், மணிக்கட்டை ஓர் உதறு உதறி, 'டக்'கென்று கத்தியை விரித்துக் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் அலகைக் கல்லில் தீட்டி, முன்கை மயிரைக் கொஞ்சம் மழித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவான்.

அவனோடு வள்ளத்தில் வருகிறவன் சூசை, மனைவியின் தம்பி. ஒருநாள் அவன் கத்தியை வாங்கி ஆட்டிப் பார்த்தான்.

"மச்சான், விரிச்சா லொடலொடங்குது. ஆணிய இறுக்கிக் கொஞ்சம் எண்ணெ விடக் கூடாதா?"

"அலகு எப்படி மின்னுது பாத்தியா? அது போதும்லே."

இதைக் கேட்டு அலகு பூரித்துப்போனது. ஆணிக்கு மனம் ஒடிந்தது.

"ஐயா, உப்புத்தண்ணி உள்ளே வந்து என்னை அரிக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் வரும்படி நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்று கெஞ்சியது.

"எண்ணெய் என் மினுமினுப்புக்கே பற்றவில்லை. உனக்கு வேண்டுமானால் ஒரு பட்டம் தருகிறேன். இன்றுமுதல் நீ 'சுழற்சிச் செம்மல்'."

பிடி வரவேற்றுப் பேசியது. ஆணி துருவோடு பட்டத்தையும் சுமந்துகொண்டது.

அடுத்து அலகு பூட்டைக் கூப்பிட்டது. "நான் விரிந்ததும் நீ ஏன் வந்து குறுக்கே நிற்கிறாய்? என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"நான் விலகினால் நீங்கள் மடங்கிவிடுவீர்களே, ஐயா?"

"மடங்குவதா? நானா?"

பூட்டு நடுங்கிப்போனது. ஒவ்வோர் உதறலுக்கும் அதன் விளிம்பு ஏற்கெனவே தேய்ந்துகொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து அது முழுக்க நிற்பதில்லை. நிற்பது போல நின்றது.

ஒரு காலையில் காற்று சற்று அதிகம். வலை கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கயிறு சூசையின் கணுக்காலில் சுருக்குப் போட்டது. வலையின் கனம் அவனைத் தரதரவென்று இழுத்தது. வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அலறினான்.

"அறுங்க மச்சான்! அறுங்க!"

அமலதாசன் கத்தியை உதறினான். லொடலொடத்த ஆணி இப்போது துருவில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அலகை இழுத்தான். கயிற்றுக்கும் காலுக்கும் நடுவே நுனியைச் செருகி அழுத்தினான். பூட்டு பழகிய மரியாதையோடு விலகி வழிவிட்டது. அலகு அவன் விரல்கள்மேலேயே மடங்கியது.

கத்த நேரமில்லை. ரத்தத்தோடு அலகை மறுபடி விரித்து, இன்னொரு கையால் அதன் முதுகையும் பிடியையும் சேர்த்து இறுக்கி, பூட்டு செய்திருக்க வேண்டிய வேலையைத் தானே செய்துகொண்டு அறுத்தான். கயிறு விட்டது. சூசை வள்ளத்துக்குள் விழுந்து மச்சானின் கையைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி அதில் சுற்றினான். அவனுக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு அமலதாசன் வீடு திரும்பினான். கத்தி ஜன்னலோரம் கிடந்தது. அதற்குள் விசாரணை நடந்தது. தலைமை அலகு.

"முதலில் என் சாதனையைப் பதிவுசெய்யுங்கள். எலும்புவரை போயிருக்கிறேன். இப்படி ஒரு கூர்மை உண்டா?"

"கிடையவே கிடையாது, ஐயா" என்றது பூட்டு.

"அப்படியானால் குற்றம் யாருடையது?"

பிடி யோசித்துச் சொன்னது: "விரலுடையது, ஐயா. நீங்கள் மடங்கும் வழியில் அது இருந்திருக்கக் கூடாது."

தீர்மானம் நிறைவேறியது. ஆணி மட்டும் வாயே திறக்கவில்லை. அது நடுவில் இற்றுப்போயிருந்தது.

மறுநாள் அமலதாசனின் மனைவி பிலோமினா கத்தியைக் கையில் எடுத்தாள். ஆணி இரண்டு துண்டாக உதிர்ந்தது. பூட்டு எங்கோ தெறித்தது. பிடி பிளந்து அவள் கையிலேயே நின்றது. அலகு தரையில் தனியாக விழுந்து பளபளத்தது.

"பாரு, நல்ல அலகு" என்றான் அமலதாசன், கட்டுப்போட்ட கையோடு.

"எதப் புடிச்சு வெட்டுவீங்க?" என்று கேட்டாள் பிலோமினா.

அவள் அலகின் கூர்மையைக் கல்லில் தேய்த்து மழுக்கினாள். ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த அலமாரியின் ஒரு காலடியில் அதைச் செருகினாள்.

"இன்னொருவர் நிற்பதற்காக நான் அசையாமல் கிடப்பதா? நான் யார் தெரியுமா?" என்று கத்தியது அலகு.

அலமாரி ஆடாமல் நின்றது.