துப்பாக்கி வண்டிக்குச் சக்கரம்

அரிசோனாவில் ஒரு பாலைவன ஊர். அங்கே கௌபாய் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, பழங்காலத் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டி நடக்கும். அதில் பெயரெடுத்தவர் பரிமளா. திண்டுக்கல்காரர். அமலதாஸ் அவரிடம் சுடக் கற்றார். குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர்.

நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் அமலதாஸின் இடுப்பு நொறுங்கியது. நெடுநாள் சக்கர நாற்காலியில் இருந்தார். பிறகு எழுந்து நடந்தார். ஆனால் எடை தூக்கக் கூடாது. போட்டியிலோ ஒவ்வொருவரும் தம் துப்பாக்கிகளை ஒரு சுடுமேடையிலிருந்து அடுத்ததற்குத் தாமே கொண்டுபோக வேண்டும்.

"ஒரு தள்ளுவண்டி செஞ்சுக்கிட்டு வாங்க" என்றார் பரிமளா.

அமலதாஸ் பலகை வாங்கி, இழைத்து, வண்டியைச் செய்துவிட்டார். சக்கரம்தான் அமையவில்லை. மாதங்கள் போயின. அவர் மைதானத்துக்கே வரவில்லை.

ஒரு நாள் பரிமளா அவர் வீட்டு கராஜுக்குப் போனார். தரையெல்லாம் சக்கரங்கள்.

"எது பொருந்தும்னு நீங்களே சொல்லுங்க, டீச்சர்" என்றார் அமலதாஸ். "புல்வெட்டியோட சக்கரம் சின்னது, கல்லுல முட்டி நின்னுடுது. மரச்சக்கரம் பாக்க அழகு, மணல்ல புதையுது."

"சைக்கிள் சக்கரம்?"

"அதோட அச்சுக்கு ரெண்டு பக்கமும் பிடிமானம் வேணும். என் வண்டியில ஒரு பக்கம்தான் இருக்கு."

பரிமளா மூலைக்குப் போய் ஒரு போர்வையை விலக்கினார். சக்கர நாற்காலி. தூசியே இல்லை. டயரை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"காத்து யார் அடிக்கிறது?"

"நான்தான்."

"எதுக்கு?"

அமலதாஸ் போர்வையை இழுத்து மறுபடி மூடப் போனார்.

"இது ஒரு பக்கப் பிடிமானத்துல ஓடுற சக்கரம், அண்ணே. பெருசு. டயரும் அகலம்."

"அது வேண்டாம், டீச்சர்."

"ஏன்?"

"இனிமே விழ மாட்டேன்னு டாக்டர் உறுதி ஒண்ணும் குடுக்கல."

"எனக்கும் யாரும் குடுக்கல."

பரிமளா தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருந்தார். அமலதாஸ் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சக்கரத்தைக் கழற்றி வண்டியில் மாட்டியதும் பரிமளா எழுந்து கை துடைத்தார்.

"இன்னொண்ணு?" என்றார் அமலதாஸ்.

"அது உங்களோடது."

பரிமளா போய்விட்டார். அமலதாஸ் ஒற்றைச் சக்கர வண்டியையும் சாய்ந்து நின்ற நாற்காலியையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை மைதானத்துக்கு வண்டி வந்தது. இரண்டு சக்கரத்தோடும் வந்தது. சரளைக்கல்லில் குலுங்கியது, ஆனால் நிற்கவில்லை. மணலில் லேசாகத் தடம் பதித்துக்கொண்டு போனது. அமலதாஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். முதல் மேடையில் இரண்டு தகடுகளைத் தவறவிட்டார். அடுத்ததில் ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசி மேடைக்கு முன்னால் இடுப்பு வலித்தது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"ஒரு நாள் நான் மறுபடி அந்த நாற்காலியில உக்கார வேண்டி வந்தா?"

பரிமளா அவருடைய துப்பாக்கியை வண்டியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அன்னைக்குச் சக்கரத்தைக் கழட்டி அதுல மாட்டிக்கலாம். இப்ப உங்க பேரைக் கூப்பிடுறாங்க, போங்க."