கறுப்புக் கரையில் ஒரு வெள்ளை இழை

கோத்தகிரியில் துரைசிங்கத்தின் வீட்டுக் கூடத்தில் ஈ உட்காரக்கூட யோசிக்கும். பெரிய ஓட்டல்களுக்கெல்லாம் உள் அலங்காரம் செய்து ஓய்வு பெற்றவர். கூடத்தின் நடுவே, அமெரிக்காவின் நவஹோ மக்கள் கையால் நெய்த பழங்காலக் கம்பளம் ஒன்று. அதுதான் அவருக்கு உயிர்.

போன தடவை பேரன் அதன்மேல் ரசத்தைக் கொட்டிவிட்டான். துரைசிங்கம் குழந்தையென்றும் பாராமல் கத்தினார். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிய மகன் பிறகு வரவேயில்லை. இப்போது குடும்பத்தோடு ஊருக்கு வந்தும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தங்கியிருக்கிறான். நாளைக் காலையில் கிளம்பிவிடுவான்.

துரைசிங்கத்துக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் பிடித்த பிடியை விடுவதாயில்லை. அவன்தான் வர வேண்டும்.

அப்படி வந்தால் கூடத்தில் ஒரு குறையும் இருக்கக்கூடாதே! கம்பளத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கறுப்புக் கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெல்லிய வெள்ளை இழை ஒன்று விளிம்புவரை ஓடியது; இன்றைக்கு அது கண்ணை உறுத்தியது. ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து அதை மூடித் தைக்க உட்கார்ந்தார்.

அவருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கும் குரு மங்கையர்க்கரசி உள்ளே வந்தார். அவரைவிட வயதில் இளையவர். கம்பளம் நெய்த அந்த மக்களோடு சில காலம் இருந்தவர்.

"என்ன தைக்கிறீங்க ஐயா?"

"நெய்தவ கைதவறி விட்ட பிழைம்மா. மூடிட்டா சுத்தமாயிடும்."

"கைதவறி இல்லீங்க. தெரிஞ்சே விட்டது. அங்க சில பேர் கரை போட்டு நெய்யறப்போ, விளிம்பு வரைக்கும் இப்படி ஒரு இழை விடுவாங்க."

"எதுக்கு?"

"நெய்யறவ மனசெல்லாம் அதுக்குள்ள போயிடுது. சுத்தியும் கரை அடைச்சிட்டா உள்ளயே மாட்டிக்குவா. அது அவ வெளிய வர்ற வழி."

ஊசி பாதியில் நின்றது.

"முக்கால்வாசி அடைச்சிட்டேனேம்மா."

குரு பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

துரைசிங்கம் ஒவ்வொரு தையலாக வெட்டினார். நடுவில் கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டினார். கடைசித் தையலை உருவி எடுக்கும்வரை தலை நிமிரவில்லை. வெள்ளை இழை விளிம்புவரை மறுபடி தெரிந்தது.

"வழியைத் திறந்துட்டேன். என் பையன் இப்ப உள்ள வருவானாம்மா?"

குரு அவருடைய செருப்பை எடுத்து வாசற்படியில் வைத்தார்.

"முதல்ல நீங்க வெளிய வாங்க ஐயா."