இரண்டாவது ஸ்பிரிங்

ஜுலைகாவிடம் தொழில் கற்க வந்தபோது அங்கமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. ஜுலைகாவுக்கு முப்பத்தெட்டு.

அவர் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுக் கதவுகளின் கீல், மனைவியின் தையல் மெஷின், பக்கத்து வீட்டு கிரைண்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்ற எதுவும் மிச்சமில்லாமல் போன ஒரு நாள் கோத்தகிரி சாலையில் மலை தொடங்கும் இடத்தில் இருந்த அவளுடைய பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன வேலை தெரியுமுங்க?" என்றாள் ஜுலைகா.

"எதக் குடுத்தாலும் கழட்டுவேனுங்க அம்மிணி."

"திருப்பி மாட்டுவீங்ளா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காமல் ஒரு ஸ்டூலைக் காட்டினாள்.

பழைய கார்களின் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டுந்தான் அவளுக்கு வேலை. எந்த சிலிண்டருக்கு எந்தக் கணத்தில் தீப்பொறி போக வேண்டும் என்று பங்கிட்டு அனுப்பும் பொருள் அது. இரண்டு கைக்குள் அடங்கும். எங்கெங்கிருந்தோ பார்சலில் வரும். மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த புஷ்ஷை மாற்றி, பாயிண்டைத் தீட்டி, சோதனை மெஷினில் பூட்டிச் சுழற்றுவாள். டிகிரி போட்ட வளையத்தில் தீப்பொறிகள் நான்கு புள்ளிகளாக நிற்கும். அவை நடுங்கினால் மறுபடி கழற்றுவாள். நின்றால் ஒரு தட்டில் வைத்து வெள்ளைத் துணியால் மூடுவாள்.

கழுவுவதும் புஷ் அடிப்பதும் அங்கமுத்துவுக்கு. ஸ்பிரிங் வேலையை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள். அது அவருக்கு உறுத்தியது.

"வேலை முடிஞ்சதுன்னு எப்படீங்க தெரியும்?" என்று ஒருமுறை கேட்டார்.

அவள் கையில் இருந்ததைத் துணியால் மூடினாள். "டீக்கடைக்குப் போலாங்ளா?" என்றாள்.

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த பெள்ளி கவுடரிடம் ஒரு பச்சைக் கார் இருந்தது. சுதந்திரம் வந்து நாலைந்து வருடத்தில் வாங்கியது. மாசி மாதம் பழைய கார்கள் மேட்டுப்பாளையத்தில் கூடி வரிசையாக மலையேறும். போன வருடம் அந்தக் கார் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்துப் போனார்கள். ஓட்டியவனுக்கு அன்றோடு வேலை போயிற்று.

இந்த வருடம் ஓட்டப் போகிறவள் அங்கமுத்துவின் மகள் கோகிலா. பள்ளிக்கூட வேனை அதே மலையில் ஏற்றி இறக்குகிறவள். "நிக்காம ஏத்திட்டீன்னா எங்கிட்ட இருக்கற அத்தன வண்டிக்கும் நீதான் டிரைவர்" என்று கவுடர் சொல்லியிருந்தார்.

அந்தக் கார் பட்டறை வாசலில் வந்து நின்று, அதன் டிஸ்ட்ரிபியூட்டர் மேஜைக்கு வந்ததிலிருந்து அங்கமுத்து ஸ்டூலில் உட்காரவில்லை. ஜுலைகா வேலை பார்க்கும்போது பின்னால் நின்று மூச்சு விட்டார்.

"அண்ணா, கழுத்துல காத்து அடிக்குது."

தள்ளி நின்றார். மறுபடி வந்தார்.

அவள் முடித்தாள். சுழற்றிப் பார்த்தாள். மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பட்டறையில் யாரும் இல்லை. அங்கமுத்து வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். துணியை எடுத்தார். பார்க்க மட்டுந்தான் எடுத்தார். திருகாணியைத் தளர்த்தி அடித்தட்டைத் தூக்கினார்.

உள்ளே இரண்டு எடைகள். எஞ்சின் வேகமெடுக்கும்போது அவை வெளியே விரியும். விரியும் அளவுக்குத் தீப்பொறி முந்தும். அவற்றைப் பிடித்து இழுக்க இரண்டு ஸ்பிரிங். மெல்லியது விறைப்பாக இருந்தது. தடித்தது தொளதொளவென்று கிடந்தது. அதன் கொக்கி நீண்டு, ஆணியில் பட்டும் படாமலும் தொங்கியது. விரலால் தட்டினார். ஆடியது.

இதை எப்படி விட்டாள்? மூன்றாவது வளைவோ நான்காவது வளைவோ, இது கழன்று விழுந்தால்? பின்னால் கவுடர் உட்கார்ந்திருப்பார்.

இடுக்கியை எடுத்து அந்தக் கொக்கியை நெருக்கினார். ஸ்பிரிங் சிக்கென்று நின்றது. மெஷினில் பூட்டி மெதுவாகச் சுழற்றினார். நான்கு புள்ளிகளும் கல்லில் செதுக்கினது போல நின்றன. முன்பைவிட நன்றாக நின்றன. அதற்கு மேல் வேகம் கூட்ட அவருக்குப் பொறுமை இல்லை. படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. கழற்றித் தட்டில் வைத்து மூடினார்.

ஜுலைகா துணியை எடுத்தாள். அதன் தலையில் சுழலும் ரோட்டரை இரண்டு விரலால் திருப்பி விட்டாள். அது சடாரென்று பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி திருப்பினாள். அவரைப் பார்த்தாள்.

"மாட்டலாங்ளாண்ணா?"

"மாட்டலாமுங்க."

"கோகிலாவ வரச் சொல்லுங்க. ஒரு தடவ ஏத்திப் பாத்தர்லாம்."

சாயங்காலம் கோகிலா ஓட்ட, ஜுலைகா முன்னால் உட்கார, அங்கமுத்து பின்சீட்டின் நுனியில் இருந்தார். சமதரையில் கார் பூனை மாதிரி போனது. அவர் மகளின் தோளைத் தட்டினார்.

முதல் வளைவில் கோகிலா கியரைக் குறைத்தாள். இரண்டாவதில் மறுபடி குறைத்தாள். எஞ்சின் அழுந்திய குரலில் முனகியது. மிதிக்க மிதிக்க முனகல்தான் கூடியது, வேகம் கூடவில்லை. விறகு ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. வெப்பமானியின் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வளைவுக்கு முன் ரேடியேட்டர் கொதித்தது. ஓரமாக நிறுத்தினாள்.

ஆவி சீறிக்கொண்டிருந்தது.

கோகிலா கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். "மறுக்கா கழட்டுனீங்ளாப்பா?"

"நான் எதுக்கு..."

"என்ற ஸ்கூட்டிய செர்வீஸ் பண்றேன்னு பிரேக்கை முறுக்கி வெச்சீங்க. ஒரு வாரம் தள்ளீட்டே போனேன்."

"அது வேற சாமி."

"என்ன வேற? போன மாசம் வேனுக்கடியிலயும் படுத்திருந்தீங்களாம். வாட்ச்மேன் சொன்னாரு."

அங்கமுத்து இறங்கி, கொதிக்கும் ரேடியேட்டரின் முன் நின்றார். ஜுலைகா அருகில் வந்தாள்.

"அந்தத் தடிச்ச ஸ்பிரிங் தொங்கிட்டு இருந்துச்சுங்க அம்மிணி" என்றார். "நாந்தான் இறுக்குனேன்."

"தெரியுமுங்க."

"எப்ப?"

"ரோட்டரத் திருப்புனப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே!"

"சொல்லியிருந்தா, அத விட்டுப்போட்டு வேற ஒண்ண இறுக்கியிருப்பீங்க."

கோகிலா சத்தமாகச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றி, ஆற விட்டு, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். ஜுலைகா நெருக்கிய ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டாள். பழைய சாமான் டப்பாவிலிருந்து வேறொன்றைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதன் கொக்கியும் நீண்டிருந்தது.

"நீங்களே மாட்டுங்க."

மாட்டினார். அது தொங்கியது. அவர் கை தன்னையறியாமல் இடுக்கியைத் தேடியது. ஜுலைகா இடுக்கியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடைய விரலால இழுங்க. மெதுவா."

இழுத்தார். மெல்லிய ஸ்பிரிங் நீண்டது. தடித்தது அசையவில்லை. இன்னும் இழுத்தார். எடை சுலபமாக விரிந்தது. இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில் தடித்த ஸ்பிரிங்கின் கொக்கி ஆணியைத் தொட்டது. விரல் சட்டென்று கனத்தது.

மறுபடி விட்டு, மறுபடி இழுத்தார். மறுபடியும் அதே இடத்தில்.

"செஞ்சவனே இப்படித்தான் செஞ்சானுங்களா?"

"ஆமாங்க. மொதல்லயே புடிச்சா தீப்பொறி முந்தாது, வண்டி இழுக்காது."

"நான் பிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

அவள் மெஷினைக் காட்டினாள். அவரே பூட்டி, இந்த முறை கடைசி வேகம் வரை சுழற்றினார். குறைந்த வேகத்தில் புள்ளிகள் லேசாக நடுங்கின. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வேகம் கூடக் கூட நான்கும் சேர்ந்து முன்னால் நகர்ந்து, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றன. மூடியை மாட்டித் தட்டில் வைத்தார். துணியை எடுத்து அவரே மூடினார்.

ஞாயிறு காலை பனி விலகுவதற்கு முன்பே கார்கள் புறப்பட்டன. ஒன்று போய்ச் சற்று இடைவெளி விட்டு அடுத்தது. பச்சைக் கார் கடைசி. பின்னால் உதவிக்கு வர இன்னொரு கார் கிடையாது. பட்டறை வாசலைக் கடந்தபோது பெள்ளி கவுடர் கையை உயர்த்தினார். கோகிலா சாலையை மட்டும் பார்த்தாள்.

கார் முதல் வளைவில் மறைந்தது.

அங்கமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போனார், வெளியே வந்தார். ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டினார். தன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

"பின்னாடியே போறனுங்க அம்மிணி. தள்ளியேதான் போவேன். அவ கண்ணுல பட மாட்டேன்."

ஜுலைகா சாலை ஓரத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, போகட்டுங்ளா?"

"வண்டிய நிறுத்துங்ணா. சத்தம் கேக்க மாட்டேங்குது."

அவர் நிறுத்தினார்.

மலையில் எங்கோ அந்த எஞ்சின் கேட்டது. வளைவில் தேய்ந்தது, அடுத்த வளைவில் தெளிவாக வந்தது. கியர் மாறியது. முனகல் இல்லை. அவர் பையின் வாரை இறுகப் பிடித்தபடி நின்றார். சத்தம் மேலே மேலே போய் மெலிந்தது. ஒரு பேருந்து இரைந்துகொண்டு இறங்கிப் போனது. அது போன பிறகு அவர் மூச்சைப் பிடித்துக் காதைக் கொடுத்தார். மரங்களில் குருவிகள் கத்தின. வேறு ஒன்றும் இல்லை.

"கேக்குதுங்ளா?" என்றாள் ஜுலைகா.

அவர் கழுத்தை நீட்டினார். கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"இல்லீங்க" என்றார். "ஒண்ணுமே கேக்கலீங்க."

"அப்ப ஏறிருச்சுங்ணா."