குணசீலன் நின்ற இடம்

“செத்துப்போனவருக்கு நாம எதைக் கத்துக்கொடுத்தோம், டீச்சர்?” என்று கேட்டான் கதிரேசன்.

எஸ்தர் டீச்சர் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சமவெளி மனிதர்களைப் பனிமலைக்கு அழைத்துவந்து, மலையைக் காட்டியே பாடம் நடத்துகிறவர் அவர். கதிரேசன் பல வருஷமாக அவருடைய சீடன். தனியாக ஒரு குழுவைக் கூட்டிப்போக அவனை விட்டது இந்த முறைதான்.

அந்தக் குழுவில் ஒருவர் திரும்பவில்லை. பெயர் குணசீலன். அருப்புக்கோட்டையில் புவியியல் வாத்தியார். பனியாற்றின் விளிம்பு உடைந்து, பிளவுக்குள் போய்விட்டார். மீட்புக்குழு இறங்கிப் பார்த்தது. அடி தட்டவில்லை. உடல் கிடைக்காமலே ஏறிவிட்டார்கள்.

“இனி நான் யாரையும் மேல கூட்டிட்டுப் போறதா இல்ல.”

“சரி,” என்றார் டீச்சர். “நாளைக்கு அவர் சம்சாரம் வர்றாங்க. அந்த இடத்தைப் பாக்கணுமாம். கூட்டிட்டுப் போ.”

“நீங்க போங்க டீச்சர். எனக்கு அவங்க முகத்துல முழிக்கத் தெம்பு இல்ல.”

“எனக்கு அந்த இடம் தெரியாதே.”

மறுநாள் தமயந்தி வந்தாள். யாரோ கொடுத்த பூட்ஸ் அவள் காலுக்குப் பெரிதாக இருந்தது. ஏற்றத்தில் மூச்சு முட்டும்போதெல்லாம் நின்றாள். பிறகு “போலாம்” என்பாள். வேறு பேச்சில்லை.

பிளவுக்குக் கொஞ்சம் முன்னால் கதிரேசன் அவள் இடுப்பில் கயிறு கட்டினான். மறுமுனையைப் பனியில் அறைந்த ஆணியில் கட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தான்.

“அவர் எங்க நின்னாரு?”

கையை நீட்டினான். அவன் காட்டிய இடத்தில் இப்போது தரையே இல்லை.

“அங்க ஏன் போனாரு?”

“நான்தான் நிக்கச் சொன்னேன்.”

அவள் ஏசவில்லை. அழவுமில்லை. அப்படியே பனியில் உட்கார்ந்தாள்.

“எதைக் காட்டுறதுக்கு?”

அவன் பிளவின் மறுபக்கத்தைக் காட்டினான்.

“எதிர்ச் சுவர்ல கோடு கோடாத் தெரியுதுல்ல. ஒவ்வொரு கோடும் ஒரு வருஷத்துப் பனி. அதுவரைக்கும்தான் சொன்னேன்.”

“மிச்சத்தையும் சொல்லுங்க.”

“வேண்டாம்மா.”

“அதைக் கேக்கத்தான அவ்வளவு தூரத்துல இருந்து வந்தாரு. சொல்லுங்க.”

சொன்னான். கறுத்த கோடுகள் எங்கோ காடு எரிந்த வருஷங்களின் கரி என்றான். கல்லாக இறுகிக் கிடந்தாலும் இந்தப் பனி நிற்பதில்லை, நம் கண்ணுக்குத் தெரியாமல் மலையை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றான்.

தமயந்தி திரும்பினாள்.

“உள்ள இருக்கிறதையும் கொண்டுபோகுமா?”

டீச்சர் எத்தனையோ முறை நடத்தி அவன் கேட்ட பாடம். இதை யாரும் கேட்டதில்லை.

“கொண்டுபோகும்.”

“எங்க விடும்?”

“அடிவாரத்துல. பனி உருகி ஆறா வெளிய வர்ற வாயில.”

“எப்போ?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“அப்போ நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்.”

அவள் குப்புறப் படுத்து விளிம்புக்கு வெளியே தலையை நீட்டினாள். உள்ளே நீலம் ஆழ ஆழக் கறுத்துக்கொண்டு போயிற்று. கதிரேசன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். கை மரத்துப்போயிற்று. எழுந்திருங்கள் என்று அவன் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் இறங்கினார்கள். ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

டீச்சர் வெந்நீர் கொண்டுவந்து அவன் கையை அதில் முக்கினார்.

“என்ன சொன்னாங்க?”

“அவங்களுக்கு ஒரு மக இருக்காளாம். சின்னப் பிள்ளை. ஆறு வெளிய வர்ற அந்த வாய் எங்க இருக்குன்னு அவளுக்கு ஒருநாள் யாராச்சும் காட்டணும்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

கதிரேசன் வெந்நீருக்குள் விரல்களை மடக்கி நீட்டினான்.

“ஏற்றம் ஏறுற அளவுக்கு வளரட்டும், மேல இருந்து அந்த வாய் வரைக்கும் நானே காட்டுறேன்னேன்.”