மூன்றாவது ஜோடி

கேட்பதற்குக் கற்றுக்கொடுக்கிற ஒருத்தி பெரம்பூரில் இருந்தாள். பெயர் மெஹர்பானு. கம்பியில்லா இயர்பட்ஸ் எந்தக் கம்பெனி செய்தாலும், கடைக்குப் போகும் முன் அவள் மாடிக்கு வரும். எது நன்றாக ஒலிக்கிறது, எது காதில் ஒழுங்காக உட்காருகிறது என்று ஒப்பிட்டுச் சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அவளுக்கு ஒரு சீடர், இஞ்ஞாசி. குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடருக்குப் பேரன் இருந்தான். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு மாஸ்டராக இருந்தவர். கூர்மையான காது என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாத நாளில் அவரே சொல்லிக்கொள்வார்.

மெஹர்பானு ஊரைவிட்டுப் போகிறாள். நாற்காலி காலியாகிறது. அந்த நாற்காலிக்காகவே இஞ்ஞாசி பாடகர் குழுவை விட்டுவிட்டு வந்து, இவளிடம் மாணவனாக உட்கார்ந்தார். இன்று பரீட்சை. தேறினால் நாளை முதல் தீர்ப்புச் சொல்வது அவர்.

"வீட்டிலேர்ந்து ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க" என்று மெஹர்பானு சொல்லியிருந்தாள். மனைவி ப்ளாரன்ஸைக் கூட்டிவந்தார்.

"இவ எதுக்கு டீச்சர்?" என்றார் இஞ்ஞாசி. "இவளுக்கு மிருதங்கமும் ஒண்ணுதான், மாவு சலிக்கிற சத்தமும் ஒண்ணுதான்."

ப்ளாரன்ஸ் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "மாவு சலிச்சா சப்பாத்தியாவது வரும்."

மெஹர்பானு சிரிக்கவில்லை. "அக்கா, நீங்க பக்கத்து ரூம்ல உட்காருங்க. டீ வரும்."

ப்ளாரன்ஸ் போனாள். இஞ்ஞாசி நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், போட்டோ எடுக்கப்போகிறவர் மாதிரி.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேட்கணும் டீச்சர். இவ்வளவு நாள் எதை எதையோ சொல்லிக்கொடுத்தீங்க. உசத்தியான ஒலின்னா எது? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"வார்த்தையில சொன்னா மனப்பாடம் பண்ணிடுவீங்க. கண்ணைக் கட்டிக்குங்க."

அந்த மாடியில் அதுதான் வழக்கம். கருவியின் பெயரைக் கண் பார்த்துவிட்டால் காது அதன் பின்னால் ஓடிவிடும். அதனால் கறுப்புத் துணி.

இன்னொரு வழக்கமும் உண்டு. இயர்பட்டைக் காதில் வைத்ததும் வாயை மூடிக்கொண்டு ஒரு தரம் 'ம்' கொட்ட வேண்டும். தன் குரலே மண்டைக்குள், குடத்துக்குள் பேசியதுபோல் முழங்கினால் பொருத்தம் சரி. முழங்காவிட்டால் எங்கோ காற்றுப் புகுகிறது. ரப்பர் மூடியை மாற்ற வேண்டும். முதல் நாள் பாடம் இது. முதல் நாள் பாடத்தைக் கடைசி நாளில் எவர் செய்கிறார்?

முதல் ஜோடியைக் கையில் கொடுத்தாள். இஞ்ஞாசி மாட்டிக்கொண்டு 'ம்' என்றார். சரியாக முழங்கியது. 'கனெக்டட்' என்று ஒரு வெள்ளைக்காரி காதுக்குள் அறிவித்தாள். பிறகு பாட்டு.

வாத்தியம் இல்லை. ஒரு பெண் குரல் மட்டும்.

*நனைஞ்சு வந்த குருவிக்கு நடுவீட்டில் இடமிருக்கு,*
*நடுவீட்டுப் பெண்ணுக்கு நனையவும் நேரமில்லை.*

"பாடறது யாரு டீச்சர்? தேர்ந்த தொண்டை. கேரளாவிலேர்ந்து வரவழைச்சீங்களா?"

"இயர்பட்டைப் பத்திச் சொல்லுங்க சார்."

"கீழ் ஸ்தாயி வீங்கியிருக்கு. தொண்டையில பஞ்சை அடைச்சு வச்ச மாதிரி ஆக்கிட்டான் அந்தம்மாவை. வலது பக்கம் காது மடல்ல குத்துது. பத்து நிமிஷம் தாங்கும், பதினோராவது நிமிஷம் கழட்டி எறிவாங்க."

"சரி."

அவள் 'சரி' என்றால் நூற்றுக்கு நூறு என்று பொருள். இஞ்ஞாசி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது ஜோடி. 'ம்' என்றார், அரைகுறையாக. அதே குரல், அதே பாட்டு.

"இது ஊசி. 'ச' வர்ற இடமெல்லாம் பாம்பு சீறுது. இவன் பஞ்சை எடுத்துட்டு ஊசியைச் செருகிட்டான். இடது பக்கம் தலையை ஆட்டினா நழுவுது. பஸ்ல போறவன் குனிஞ்சு தேடிக்கிட்டே இருப்பான்."

"சரி."

"கீழே டீக்கடையில சொல்லி வைங்க டீச்சர். நாளையிலேர்ந்து எனக்குச் சக்கரை கம்மி."

மெஹர்பானு மூன்றாவது ஜோடியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் மாட்டிக்கொண்டார். 'ம்' கொட்டவில்லை.

"அடேயப்பா, எடையே இல்லையே! காதுல இருக்கிறதே தெரியல. அந்தக் கனெக்டட் அம்மாவும் வாயைத் திறக்கல பாருங்க. மரியாதை தெரிஞ்ச கம்பெனி."

பாட்டு தொடங்கியது.

இஞ்ஞாசியின் கைவிரல்கள் நாற்காலியின் பிடியைப் பற்றின. கொஞ்ச நேரம் அவர் எதுவுமே பேசவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"டீச்சர்," என்றார் கடைசியில், தேவநற்கருணை நேரத்தில் பேசுகிற குரலில், "இவ என் மண்டைக்குள்ள பாடல. எதிர்ல நின்னு பாடறா."

"ம்."

"எட்டினா தொடலாம் போல இருக்கு. மூச்சு எங்க எடுக்கிறான்னு தெரியுது. கையை அசைக்கிறா, வளையல் சத்தம் கேட்குது! மத்த ரெண்டு பேரும் இந்த வளையலை எங்க தொலைச்சாங்க?"

"கேளுங்க."

"கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுங்களேன்."

குரல் உயர்ந்தது.

"பார்த்தீங்களா, கூட்டினாலும் பிசிறு இல்ல. கெட்டிக்காரப் பயலுவ!" இஞ்ஞாசி தலையை ஆட்டினார். கண்ணைக் கட்டிக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு, நன்றாக ஆட்டினார்.

இரண்டாவது வரியின் நடுவில் குரல் உடைந்தது. ஒரு நொடி நின்றது. பிறகு தன்னைப் பிடித்துக்கொண்டு மேலே போனது.

"ஐயோ," என்றார் இஞ்ஞாசி. "இங்க உடையுது டீச்சர். முதல் ரெண்டுலயும் இது உடையவே இல்லையே. வழவழன்னு தேய்ச்சு மறைச்சுட்டானுங்க. உண்மையை இவன் ஒருத்தன்தான் கொடுக்கிறான். அந்த வரி மறுபடி வேணும்."

அந்த வரி மறுபடி வந்தது. கறுப்புத் துணியின் கீழ்விளிம்பு ஈரமானது. அவர் அதை மறைக்கவில்லை. தொழிலில் அழுவது கௌரவம் என்று நினைத்தாரோ என்னவோ.

பாட்டு முடிந்தது.

"தீர்ப்பு?" என்றாள் மெஹர்பானு.

"மூணாவது. இதுக்கும் மத்ததுக்கும் ஒப்பிடவே கூடாது, பாவம்."

"ஒலியில குறை?"

"இல்ல."

"பொருத்தத்துல?"

"இல்லைங்கிறேனே."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். இதுதான் பரீட்சை."

"என் பேரைப் போட்டே சொல்லுங்க டீச்சர். என் ஆயுசுல இப்படி ஒரு இயர்பட் நான் கேட்டதில்ல."

"துணியை அவிழ்க்காதீங்க. இயர்பட்டை மட்டும் கழட்டுங்க. நகத்தால ரெண்டாப் பிரிங்க."

"பிரிக்கிறதா? உடைஞ்சிடும்."

"பிரிங்க."

டப்பென்று திறந்துகொண்டது. அவர் விரலை உள்ளே விட்டுத் துழாவினார். மறுபடி துழாவினார். மற்றதையும் பிரித்துத் துழாவினார்.

"உள்ள என்ன இருக்கு சார்?"

அவர் இரண்டையும் உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார்.

"சார்?"

"ஒண்ணும் இல்ல."

"பேட்டரி?"

"இல்ல டீச்சர்."

"ஸ்பீக்கர்?"

"இல்ல." நகம் மறுபக்கம் வெளியே வந்தது. "வெறும் கூடு. அடியில ஓட்டை போட்டிருக்கு."

"பெரிய ஓட்டைதான். ஒரு தரம் 'ம்' கொட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்போ நான் கேட்டது?"

மிக அருகில், அவர் முகத்துக்கு நேரே, யாரோ மூச்சை இழுத்தார்கள். அந்த மூச்சு அவருக்குத் தெரியும். சற்றுமுன் அவர் மெய்மறந்து பாராட்டிய மூச்சு.

இஞ்ஞாசி துணியைப் பிடுங்கினார்.

எட்டினால் தொடக்கூடிய தூரத்தில் ப்ளாரன்ஸ் நின்றிருந்தாள். தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் வழக்கமான நாலு கண்ணாடி வளையல்.

அவர் கையிலிருந்த கூடுகள் தரையில் விழுந்து, ஒன்று மேஜைக்கு அடியில் ஓடியது. எவரும் குனிந்து எடுக்கவில்லை.

"நீயா?"

"நான்தான். கேரளா இல்ல, பக்கத்து ரூம்."

"முதல் ரெண்டுலயும்?"

"அதுவும் நான்தான். போன வாரம் வந்து பாடிட்டுப் போனேன். மெஷின்ல பிடிச்சு வச்சாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"எங்க போயிட்டு வர்றேன்னு நீங்க கேட்கவே இல்லையே."

இஞ்ஞாசி நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் கேட்டிருக்கவே கூடாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"உனக்குப் பாட வருமா?"

ப்ளாரன்ஸ் அவரையே பார்த்தாள். கோபம் வருமென்று மெஹர்பானு எதிர்பார்த்தாள். வரவில்லை.

"கல்யாணமான புதுசுல உங்க குழுவுல சேர்றேன்னு வந்து நின்னேன். மாஸ்டர் பொண்டாட்டியும் வந்து நின்னா ஊர் சிரிக்கும்னீங்க. என் குரலை ஒரு வரி கேட்டுட்டுச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. கேட்காமலே சொன்னீங்க. சரின்னு அடுப்படியில பாடிக்கிட்டேன். மிக்ஸி ஓடறப்போ 'ஒரே சத்தம்'னு கதவைச் சாத்துவீங்களே, அந்தச் சத்தத்துக்குள்ளதான் நானும் இருந்தேன்."

"நான் மிக்ஸின்னுதான்..."

"தெரியும். மிக்ஸியைக்கூட ரெண்டு தரம் மாத்திட்டீங்க, சத்தம் ஜாஸ்தின்னு."

அவர் குருவின் பக்கம் திரும்பினார். ஒரு ஆளையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாள் உங்களுக்குப் போன் பண்ணினேன். அக்கா எடுத்தாங்க. 'குளிக்கிறார், இருங்க'ன்னு போனை மேடைமேல வச்சுட்டுப் பாடிக்கிட்டே பாத்திரம் கழுவினாங்க. நான் வைக்கவே இல்ல. நீங்க வந்து எடுத்து, 'என்ன டீச்சர், ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிச்சுட்டு வந்தேன்னு கேட்கிற மாதிரி பேசறீங்க?'ன்னு சொன்னீங்க. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

இஞ்ஞாசிக்கு அது நினைவிருந்தது. அன்று அவர் அதைப் பெரிய நகைச்சுவையாக ப்ளாரன்ஸிடம் சொல்லியிருந்தார்.

அவர் மனைவியை நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"அந்த ரெண்டாவது வரி. அங்க ஏன் உடைஞ்சுது?"

"நீங்க தலையை ஆட்டினீங்க," என்றாள் ப்ளாரன்ஸ்.

அதற்குமேல் அவரால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து சுவரில் சாய்ந்து நின்றார். குருவிடம் கேட்பதற்கு அவரிடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. ஆசை அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"நான் தேறலையா டீச்சர்?"

"நாற்காலி உங்களுக்கு இல்ல சார். இல்லாத இயர்பட்டுக்கு எடை, பொருத்தம், ஒலி எல்லாம் சொன்னவரை எந்தக் கம்பெனிக்காரன் நம்புவான்?"

அவர் தலை குனிந்தது.

"ஆனா காதுல ஒரு குறையும் இல்ல," என்றாள் மெஹர்பானு. "பஞ்சையும் ஊசியையும் சரியாப் பிடிச்சீங்க. மூணுல எது உசத்தின்னு கேட்டேன், அதையும் சரியாத்தான் சொன்னீங்க."

"அப்போ எங்க தப்பு பண்ணினேன்? அதையாவது சொல்லுங்க. நான் எங்க தப்பு பண்ணினேன்?"

மெஹர்பானு குனிந்து, மேஜைக்கு அடியில் கிடந்த கூட்டை எடுத்து ஊதித் தூசி தட்டினாள்.

"அந்தக் குரல் உங்க வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு சார்?"

இஞ்ஞாசி வாயைத் திறந்தார். ப்ளாரன்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.