நரைக்குக் கிடைத்த தள்ளுபடி

மேலைக்காட்டு ராஜா வீரகங்காதரனிடம் ஒரு பழக்கம் உண்டு. சபையில் கடைசியாக யார் பேசுகிறாரோ, அவர் சொன்னதே சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இது தெரிந்த பொக்கிஷதாரர் பூவராகர் எப்போதும் சபை கலையும் நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார். அன்றும் அப்படித்தான் எழுந்தார்.

அந்த நாட்டில் மாட்டுவண்டிகளுக்குக் காப்பு உண்டு. வண்டிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் கஜானாவில் காப்புப் பணம் கட்டுவார்கள். நுகத்தடியில் அரண்மனை முத்திரை விழும். வண்டி குடை சாய்ந்தால் ஒடிந்த சக்கரத்துக்கும் கொட்டிய சரக்குக்கும் கஜானா ஈடு கொடுக்கும். முத்திரை இல்லாத வண்டி ராஜபாட்டையில் ஏற முடியாது. அந்த வருஷம் வண்டிகள் ஏகத்துக்குக் கவிழ்ந்து, கஜானா காலியாகிக்கொண்டிருந்தது.

“எல்லாத்துக்கும் கிழடுங்கதான் காரணம் மகாராஜா,” என்றார் பூவராகர். “கண்ணு மங்கிப் போச்சு, கை நடுங்குது. நரைச்ச தலைக்கெல்லாம் காப்புப் பணத்தை ரெட்டிப்பாக்கணும்.”

பூவராகருக்கும் வயது ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் தினமும் கரிசலாங்கண்ணிச் சாறு தலையில் ஏறிவிடுவதால் நரை மட்டும் கிடையாது.

“அப்படியே ஆகட்டும். நாளைக்குத் தண்டோரா போடுங்க,” என்று ராஜா எழுந்துவிட்டார்.

சபை விகடகவி கனகசபைக்கு வாய் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. எரிச்சலோடு வெளியே வந்து, வழக்கம்போல் மாசிலாமணிக் கிழவரின் வண்டியில் ஏறினார். அரண்மனைச் செய்தி அவருக்கு முன்பே வண்டிப்பேட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது.

“மாட்டை வித்துடப் போறேன் சாமி,” என்றார் மாசிலாமணி. “ரெட்டிப்புப் பணத்துக்கு நான் எங்க போவேன்? நாளன்னைக்கு ஒரே ஒரு சவாரி ஒத்துக்கிட்டிருக்கேன். அதோட சரி.”

“யாருக்கு?”

“பொக்கிஷதாரர் ஐயா மகளுக்கு. வளைகாப்பு முடிஞ்சு பிரசவத்துக்குத் தாய்வீடு வருதில்ல? என் வண்டிதான் வேணும்னு அவரே ஆள் விட்டாரு.”

கனகசபைக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் தூக்கமும் வந்துவிட்டது.

மறுநாள் சபை கூடியதுமே எழுந்து நின்றார்.

“மகாராஜா, நேத்து பொக்கிஷதாரர் சொன்னது தங்கமான யோசனை. ஆனா பாவம், அவர் வீட்டுக்கே ஒரு ஆபத்து வந்திருக்கு. அவர் மகள் நாளைக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து கணவாய் வழியா வரணும். வண்டி ஓட்டப்போறது ஒரு கிழவராம். ரேக்ளா பந்தயத்துல ஜெயிச்ச செங்கோடனை அரண்மனைச் செலவுலயே அனுப்பலாமே?”

“பேஷ்,” என்றார் ராஜா. “செங்கோடனுக்குச் சொல்லி அனுப்புங்க.”

பூவராகர் எழுந்த வேகத்தில் அங்கவஸ்திரம் நழுவியது. “வேண்டாம் மகாராஜா.”

“அட, கூச்சப்படாதேயும். உமக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?”

“பொண்ணுக்கு ஒன்பதாம் மாசம் மகாராஜா. பாதையெல்லாம் கல்லும் குழியும். செங்கோடன் பள்ளத்தைப் பார்த்தாலும் கயித்தைப் பிடிக்கமாட்டான். போன மாசம்தான் எண்ணெய்க் குடங்களோட ஓடையில கவிழ்ந்தான்.”

“அந்தக் கிழவன் மட்டும்?”

“மாசிலாமணி பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே மாட்டை மட்டுப்படுத்திடுவார். யாரோடயும் போட்டி போடமாட்டார். பொழுது சாஞ்சா வண்டியே கட்டமாட்டார்.”

“கண்ணு மங்கல்னு நீர்தானே சொன்னீர்?”

“மங்கல்னு அவருக்கே தெரியும் மகாராஜா. அதனாலதானே பொழுது சாஞ்சா கட்டறதில்லை.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. சபையில் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள். ராஜா கனகசபையைப் பார்த்தார்.

“நீர் என்ன ஓய் சொல்றீர்?”

“நான் சொல்ல என்ன இருக்கு மகாராஜா? கடைசியா பொக்கிஷதாரர்தான் பேசியிருக்கார்.”

வழக்கத்தை மீற ராஜாவால் முடியுமா? ரெட்டிப்பு ரத்தானது. நரைத்தவர்களுக்குக் கால் பங்கு தள்ளுபடி என்றே அறிவித்துவிட்டார். கனகசபை ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்கச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தரம் நிறைகுடத்தை வண்டியில் வைத்துத் தேரோடும் வீதியைச் சுற்றி வரவேண்டும். தண்ணீர் சிந்தாமல் வந்தவருக்கே தள்ளுபடி. எல்லாக் கிழவர்களும் மாசிலாமணி இல்லையே.

பூவராகர் லேசில் விடவில்லை. “இளவட்டமெல்லாம் தலையில சாம்பலைப் பூசிக்கிட்டு வந்து நிக்கும் மகாராஜா. அப்ப கஜானா கதி?”

ராஜாவின் தலை அந்தப் பக்கம் ஆடத் தொடங்கியது. கனகசபை அவசரப்படாமல் எழுந்தார்.

“பூசட்டும் மகாராஜா. பூசினவன் வருஷம் முழுக்கக் கிழவன் மாதிரியே ஓட்டியாகணும். ஒருநாள் பறந்தாலும் வேஷம் கலைஞ்சு தள்ளுபடி போயிடும். ஊரிலிருக்கிற செங்கோடன் எல்லாம் மாசிலாமணி மாதிரி ஓட்டினா, கஜானா யாருக்கு ஈடு கொடுக்கப்போகுது?”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. தோளில் இருந்த சரிகைச் சால்வையைக் கழற்றிக் கனகசபைக்குப் போர்த்தினார்.

மகள் அலுங்காமல் குலுங்காமல் வந்து சேர்ந்தாள். மாசிலாமணி மாட்டை விற்கவில்லை.

நிறைகுடச் சோதனை நாளில் முதல் ஆளாக வந்து நின்றது ஒரு வில்வண்டி. ஓட்டி வந்தவரின் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. காவலனுக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. கனகசபை கிட்டே போய்ப் பார்த்தார். பூவராகர்.

“சாம்பலா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அசல்,” என்றார் பூவராகர், தலையைத் தடவிக்கொண்டு பெருமையாக.